எண்ணெய் படக்கூடாத இடம்

மகன்,

நீ அனுப்பிய படம் போனில் வந்து சேர்ந்தது. கொழும்பில் ஏதோ ஒரு கோப்பிக் கடையின் செங்கல் சுவரில் பழைய கறுப்புச் சைக்கிள் ஒன்று தொங்குகிறது. கைபிடியில் பூக்கூடை, அதற்கு மேலே மஞ்சள் விளக்கு. நம்முடைய சைக்கிளையும் உன் புதிய தொடர்மாடி வீட்டில் இப்படி மாட்டலாம் என்று கீழே எழுதியிருந்தாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் தேடியது பூவை அல்ல, பிறேக்கை. முன் சில்லில் பிறேக் கட்டைகள் இரண்டும் இல்லை. யாரோ கழற்றியிருக்கிறார்கள், அல்லது உக்கி விழுந்திருக்கும். சுவரில் இருக்கிற சைக்கிளுக்கு நிற்கத் தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லைதானே.

மடு மாதா திருநாளுக்கு லீவில் வந்து, திரும்பும்போது என்னையும் சைக்கிளையும் ஒன்றாகக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு ஓம் என்று சொன்னவளும் நான்தான். இப்போது இல்லை என்று சொல்கிறேன். போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைப் பங்குப் பத்திரிகைக்கும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உன்னைப்போலத் தூரத்தில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் தாய் தகப்பனை நினைத்துக் கவலைப்படுகிற பிள்ளைகள் நிறையப்பேர் இருக்கிறார்கள். உன் பெயரும் என் பெயரும் வராது. நீ முதலில் படி. வேண்டாம் என்று சொன்னால் மற்றவர்களுக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் உனக்கு எழுதியதில் ஒரு வரியும் மாறாது.

நான் விழுந்த நாளில் இருந்து தொடங்குகிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு நீயும் மருமகளும் வந்து நின்று திரும்பிய பிறகு, அன்றுதான் முதன்முதலாகச் சைக்கிளை வெளியே எடுத்தேன். பக்கத்து ஊர் கரிசலுக்குப் போகவேண்டியிருந்தது. என்னோடு படிப்பித்த றஹீமா ரீச்சருக்குச் சீனி வருத்தத்தால் கண் தெரியாமல் போனது உனக்குத் தெரியும். கிழமையில் இரண்டு தரம் போய் அவவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். காற்று முதுகில் இருந்ததால் பெடலை மிதிக்கவே தேவையில்லை, சைக்கிள் தானாகப் போனது. வளைவு திரும்பியதும் றோட்டுக்குக் குறுக்கே ஒரு கழுதை. நம்முடைய தீவில் கழுதை நிற்பது புதினமில்லை. தூரத்திலேயே கண்டேன், இரண்டு பிறேக்கையும் பிடித்தேன். சைக்கிள் காது கேளாததுபோலப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் இறுக்கினேன். வேகம் குறையவில்லை. கழுதையில் மோதாமல் றோட்டுக் கரைக்குத் திருப்பினேன், சில்லு மணலில் புதைந்தது, விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. கழுதை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினா ஆஸ்பத்திரிக்கு வந்து, "ரீச்சர், அது உங்களிட்டப் படிச்ச கழுதையாக்கும், மரியாதைக்கு எழும்பி நிண்டிருக்கு" என்று சொன்னாள். மாக்கட்டுப் போட்ட கையோடு சிரித்தேன்.

மறுநாள் நீ கார் பிடித்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாய். பிறேக் பிடித்தேன், பிடிக்கவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ என் மற்றக் கையைத் தடவிக்கொண்டு, மிகவும் மெதுவாக, "அம்மா, நீங்கள் பிடிச்சிருந்தா அது நிண்டிருக்கும்தானே. உங்கட கையில இப்ப பலம் இல்லை. இனிக் காணும்" என்றாய்.

நீ அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அன்பாகச் சொன்னதால் நம்பிவிட்டேன். நம்பிய பிறகு எங்கே பார்த்தாலும் அதற்குச் சாட்சி கிடைத்தது. ஊறுகாய்ப் போத்தல் திறக்காவிட்டால் கையில் பலம் இல்லை. பூசையில் செபமாலை விரலால் நழுவினால் கையில் பலம் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து உனக்குக் கணக்கு வராது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன்பிறகு அது கூட்டலில்கூடப் பிழை விடும். நாற்பது வருடங்களாக அப்படிப்பட்ட பிள்ளைகளை நிமிர்த்துவதே என் வேலையாக இருந்தது. அதே பிள்ளையாக நானும் மாறிப்போனதை நான் கவனிக்கவில்லை. ஓம், வாறன் என்று உனக்குச் சொன்னேன். கோழிகளைப் பிலோமினாவுக்குக் கொடுத்தேன். அலுமாரியை ஒதுக்கத் தொடங்கினேன்.

மாக்கட்டு வெட்டிய பிறகு சைக்கிளையும் ஒதுக்கவேண்டும் என்று நினைத்தேன். உன் சுவருக்குப் போகப்போவது, மணலும் தூசியுமாக அனுப்பக்கூடாது. பிலோமினாவைக் கூப்பிட்டு, இருவருமாக அதைத் தலைகீழாகக் கவிழ்த்து முற்றத்தில் வைத்தோம். துணியை நனைத்து றிம்மைத் துடைத்தேன். வெளிப்பக்கம் சுத்தமாக வந்தது. உட்பக்கத்தில் விரல் வழுக்கியது. மணலும் எண்ணெயும் சேர்ந்து களிபோலத் துணியில் வந்தது. மணந்து பார்த்தேன். சுறா எண்ணெய். பிறேக் கட்டைகளைத் தொட்டேன். நான்கும் எண்ணெயில் ஊறி, சவர்க்காரக் கட்டிபோல இருந்தன.

நீ வயர் பிறேக் சைக்கிளில் பழகியவன். அதனால் இதைச் சொல்லவேண்டும். உன் சைக்கிளின் பிறேக், றிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும், ஒரு குழப்படிக்காரனின் காதைப் பிடிப்பதுபோல. அது பிடிக்கிற இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நம்முடைய சைக்கிளில் இருப்பது கம்பிப் பிறேக். கைபிடிக்குக் கீழே நீளமாக இருக்கும் கம்பியை அமர்த்தினால், அது இன்னொரு கம்பியை இழுக்கும். அது லாடம்போல வளைந்த ஓர் இரும்பைத் தூக்கும். அந்த இரும்பின் இரண்டு நுனியிலும் உள்ள ரப்பர்க் கட்டைகள், றிம்மின் உட்பக்கத்தில், அச்சைப் பார்த்திருக்கும் பக்கத்தில், போய் அழுத்தும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால் ஒழிய அந்த இடம் கண்ணில் படாது. அங்கே ஒரு துளி எண்ணெய் பட்டால் போதும், ஒரு பயில்வான் பிடித்தாலும் நிற்காது.

பிலோமினா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆர் ரீச்சர் இதுக்குள்ள கொண்டுபோய் எண்ணெய் பூசினது, அந்தக் கழுதையோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நீ வந்து நின்றபோது ஒரு காலை முழுவதும் முற்றத்தில் குந்தியிருந்து சைக்கிளை மினுக்கியதை அவளும் வேலிக்கு மேலால் பார்த்தவள்.

மகன், இதைப் படித்தவுடன் போனை எடுக்காதே. முழுவதையும் படி.

அன்று நீ கடற்கரைக்குப் போய், தோணிக்காரரிடம் கேட்டு ஒரு போத்தல் சுறா எண்ணெய் வாங்கி வந்தாய். உப்புக் காற்றில் இரும்பு ஒரு மாதத்தில் சிவந்துவிடும் என்று மருமகளுக்கு விளங்கப்படுத்தினாய். "அப்பா மாதிரி மினுக்கிறன், பாருங்கோ" என்று எனக்குச் சொன்னாய். துணி எட்டாத இடத்துக்கு ஈர்க்கிலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு விட்டுத் தடவினாய். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அப்பா போனபின் அந்த முற்றத்தில் ஒரு ஆண்பிள்ளை குந்தியிருப்பது கண்ணை நிறைத்தது. நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கவில்லை, நீ இருக்கிறாய் என்றுதான் பார்த்தேன்.

அப்பா சனிக்கிழமைகளில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய எண்ணெயை எடுத்துவந்து சைக்கிளுக்குப் பூசுவார். நீ பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாய். கைபிடி, கம்பிகள், மட்கார்ட், செயின்கவர் எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டு வந்து, றிம்மின் வெளிப்பக்கத்தோடு நிறுத்துவார். பிறகு எண்ணெய்த் துணியைத் தூர வைத்து, கையைக் கழுவி, வேறொரு காய்ந்த துணியால் உட்பக்கத்தைத் துடைப்பார். எண்ணெய் பூசியது மினுங்கியது, அது உன் கண்ணில் நின்றது. பூசாமல் விட்டது எந்தக் கண்ணிலும் நிற்காது. அவர் அதைப்பற்றிப் பேசவும் இல்லை. நீ உன் தகப்பனைப் பார்த்து அப்படியே செய்தாய், அவரைவிடக் கவனமாகச் செய்தாய். அந்தக் கவனம்தான் உட்பக்கம்வரை போனது.

வகுப்பில் இது எத்தனையோ தரம் நடந்திருக்கிறது. கரும்பலகையில் நான் எழுதியதைப் பிள்ளைகள் அப்படியே எழுதுவார்கள். ஓர் இடத்தில் நான் வேண்டுமென்று வெறுமையாக விட்ட வரியை மட்டும் ஒருவரும் விடமாட்டார்கள், தாளை மிச்சம் பிடித்துவிடுவார்கள். மருமகள் முதல்தரம் இங்கே சொதி வைத்தபோதும் அப்படித்தான். நான் தேங்காய்ப்பால் விட்டதைப் பார்த்தவள், பால் விட்ட பிறகு நான் சட்டியை மூடாமல் விட்டதைப் பார்க்கவில்லை. மூடி வைத்தாள், திரைந்துபோனது. அவள் அழப் பார்த்தாள். நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? மூடக்கூடாது என்று அம்மா சொல்லித்தரவில்லை, உன்னில் பிழை இல்லை என்று சொன்னாய். அந்த வார்த்தையை இப்போது உனக்குச் சொல்லிக்கொள்.

அப்பா ஏன் அந்த ஓர் இடத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்றும் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடியபோது அவருடைய சைக்கிள் வழியில் போய்விட்டது. திரும்பி வந்தபோது மிஞ்சியது என்னுடைய லேடீஸ் சைக்கிள். இலுப்பைக்கடவைப் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு முதல் நியமனம் கிடைத்தபோது என் தகப்பன், ஐயா, வாங்கித் தந்தது. அப்பா அதில்தான் ஓடித் திரிந்தார். மீன்பிடிச் சங்கத்தடியில் பெடியள், "அண்ணை, பின்னலை எங்க விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். "பின்னலை மனிசியிட்டக் குடுத்திட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு போவார். பிறேக் கட்டை கடைகளில் இல்லாத காலம். பழைய டயரில் வெட்டி, தேய்த்து, அவரே பொருத்துவார். டவுனுக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றியில் இறங்கி நடக்கவேண்டும். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு சைக்கிள் உருண்டு போனால், பிறேக் பிடிக்கவில்லை என்று சொல்ல நேரம் கிடைக்காது.

உனக்கு ஏழு வயதில் மூச்சு முட்டியபோது, மழையில், உன்னைக் கரியரில் வைத்து அவர் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கம்பிப் பிறேக் மழையில் பிடிக்காது. சென்றி கண்ணில் பட முன்னமே அவர் பிறேக்கை மெல்ல மெல்ல அமர்த்தத் தொடங்கிவிட்டாராம், றிம்மில் உள்ள தண்ணீரைத் துடைப்பதற்காக. நீ பின்னால் இருந்து, "ஏனப்பா ஊருறீங்கள், கெதியாப் போங்கோ" என்றாயாம். சென்றியில் வைத்திருந்த பீப்பாய்க்கு முன்னால், இறங்கவேண்டிய இடத்தில், சைக்கிள் நின்றது. வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார்: "நான் நினைச்ச இடத்தில நிக்கவேணுமெண்டா அதுக்கு முன்னமே தொடங்கிவிடவேணும்." நீ அவருடைய மடியில் நித்திரை.

கவிழ்த்து வைத்த சைக்கிளுக்குப் பக்கத்தில் பிலோமினா எண்ணெய்த் துணியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவள், "மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர். பெடியன் தாங்கமாட்டான். வயசாலதான் விழுந்தனீங்கள் எண்டு இருக்கட்டுமே, ஆருக்கு நட்டம்?" என்றாள். அவள் நல்ல மனதோடு சொன்னதுதான். சில நாட்கள் நானும் அப்படியே நினைத்தேன். நீ சின்னவனாக இருந்தபோது உன் கை பட்டு உடைந்தவற்றை உனக்குத் தெரியாமல் எத்தனை தரம் ஒளித்திருப்பேன். இதையும் ஒளிக்கலாம். ஆனால் நட்டம் யாருக்கு என்று எண்ணிப் பார்த்தேன். இந்த வீடு போகும். காலைப் பூசைக்கு நானாகப் போய்வருவது போகும். அப்பா படுத்திருக்கும் சேமக்காலைக்கு நினைத்த நேரம் போவது போகும். றஹீமா ரீச்சருக்குப் பேப்பர் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் கை என் சொல்லைக் கேட்டது என்கிற உண்மை போகும். நீ தாங்குவாய் மகன். தாங்கக்கூடிய பிள்ளையாகத்தான் வளர்த்தோம். உன்னை ஒரு சின்ன வலியிலிருந்து காப்பாற்றுவதற்காக, என் மீதி வாழ்க்கையை ஒரு பிழையான காரணத்துக்குக் கொடுக்க நான் ஆயத்தமில்லை.

பிறகு செய்ததையும் சொல்கிறேன். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் சாம்பலும் போட்டு இரண்டு றிம்மையும் தேய்த்தோம். ஊறிய கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை போட்டேன். டவுனில் இன்னமும் கிடைக்கிறது. கோயில் வளவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் பிலோமினா தடியால் கோடு கீறிக்கொண்டு நின்றாள். முதல்தரம் கோட்டைத் தாண்டிப் போனேன். "ரீச்சர் பெயில்" என்று கத்தினாள். கட்டைகளை உப்புத்தாளில் கொஞ்சம் உரசிவிட்டு மறுபடி ஓடினேன். கோட்டில் நின்றது. இன்னும் வேகமாக ஓடிப் பார்த்தேன், அப்போதும் நின்றது. இடது கையாலும் பிடித்தேன், வலது கையாலும் பிடித்தேன். இறங்கி ஒழுங்கையில் நின்று கொஞ்சம் அழுதேன். அதைப் பிலோமினா உனக்குச் சொல்ல முன்னம் நானே சொல்லிவிடுகிறேன்.

முழு உண்மையையும் சொல்லவேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். என் கை முன்னைப்போல உடனே அமர்த்துவதில்லை, சற்றுப் பிந்துகிறது. ஆகவே வேகத்தைக் குறைத்துவிட்டேன். பஸ் வருகிற நேரத்தில் பெரிய றோட்டுக்கு ஏறுவதில்லை. மழையில் எடுப்பதில்லை. மாதம் ஒருமுறை அதே ஒழுங்கையில் கோடு கீறிப் பார்ப்பேன். நிற்கவேண்டிய இடத்தில் நிற்கமுடியாத நாள் வந்தால் நானே இறங்குவேன், உனக்கு நானே போன் எடுத்துச் சொல்வேன். அந்த நாளை நீ தீர்மானிக்கவேண்டாம். ஓட்டோ பிடித்துப் போங்கோ என்று சொன்னாய். ஓட்டோவுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டும், எங்கே ரீச்சர், ஏன் ரீச்சர், எப்ப திரும்புவீங்கள் என்று கேட்பார்கள். சைக்கிளுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

உன் கூட்டாளிகளுக்குப் பழைய சைக்கிளில் இருக்கிற ஆசை எனக்கு விளங்குகிறது. கறுப்புப் பெயின்றும், பொன் கோடும், நிமிர்ந்து இருக்கிற கைபிடியும் அழகுதான். ஆனால் அந்தக் காலத்தில் எவ்வளவு நிம்மதி என்று அவர்கள் சொல்வதாக நீ எழுதியிருந்தாய். அவர்களிடம் சொல்லு, அது இரும்புப் பாரம். எதிர்க்காற்றில் முழங்கால் கழன்றுவிடும். ரப்பர் இல்லாமல் செருப்பைத் தேய்த்து நிறுத்திய நாட்கள் உண்டு. எனக்கு அந்தக் காலம் வேண்டாம். சைக்கிள் வேண்டும்.

உன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நினைக்காதே. வருவேன், நிற்பேன், மருமகளுக்குச் சொதி வைத்துக் காட்டுவேன், திரும்பி வருவேன். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் உன் பக்கத்தில் குந்தியிருந்து நீ செய்வதைப் பார்க்கும்போது, எதைச் செய்யாமல் விடுகிறாய், ஏன் விடுகிறாய் என்பதை வாய் திறந்து சொல்லு. அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீ சொல்லு.

கோழிகளைப் பிலோமினாவிடம் திரும்ப வாங்கிவிட்டேன். ஒன்றைத் தரமாட்டேன் என்கிறாள், தன் வீட்டுக்குப் பழகிவிட்டதாம். நேற்றுக் கரிசலுக்குப் போனேன். வாசல் மணலில் சைக்கிளை நிறுத்திய சத்தத்துக்கே றஹீமா ரீச்சர் உள்ளே இருந்து, "இத்தனை நாளாப் பேப்பர்க்காரி ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டாள். தவறிப்போன செய்தியெல்லாம் வேண்டும் என்று பழைய பேப்பர்களைக் கட்டி வைத்திருந்தாள். மரண அறிவித்தலில் தொடங்கச் சொன்னாள்.

திருநாளுக்கு நீ தனியாக வந்தாலும் சரி, இருவருமாக வந்தாலும் சரி. காலை ரயிலில் வா. நம்முடைய பேசாலை ஸ்டேஷனில் நான் நிற்பேன். உன் பையைக் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு நான் முன்னால் போய்ப் பிட்டு அவிக்கிறேன். நீ நடந்து வா.

அன்புடன்,
அம்மா